தோப்பில் தொடங்கி மலை வரை: அறிவியல், இயற்கை நூல்களைப் படிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

கோபாலபுரம் செக்போஸ்டுக்கு இந்தப் பக்கம் பொள்ளாச்சி, அந்தப் பக்கம் சிற்றூர் தாலுகா. தாண்டினால் பெயர்ப்பலகையில் எழுத்து மாறும். தென்னை மாறாது, பேச்சும் பெரிதாக மாறாது. கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், மீனாட்சிபுரம் பக்கத்தில் வீட்டில் தமிழ், வாயனசாலையில் (ஊர் நூலகத்தில்) மலையாளம், போனில் ஆங்கிலம் என்று மூன்றும் ஓடும். இங்கே யாராவது "அறிவியல் புத்தகம் ஏதாவது படிக்கணும், எதில் ஆரம்பிக்கட்டும்?" என்று கேட்டால் அண்டத்தைப் பற்றி எழுதிய ஹாக்கிங்கையோ மனித குல வரலாறு எழுதிய ஹராரியையோ கையில் கொடுத்து அனுப்பிவிடுவது வழக்கம். இரண்டும் தமிழில் கிடைக்கின்றன. ஆனால் ஆரம்பத்துக்கு அவை ஏற்றவையல்ல என்பது என் எண்ணம். ஹாக்கிங் 1988இல் எழுதிய நூலில் ஒரே ஒரு சமன்பாடுதான் உண்டு. இருந்தும் பாதியில் மூடி வைத்தவர்கள் எனக்குத் தெரிந்தே நிறைய. கருந்துளையைப் பற்றி நூல் சொல்வது சரியா என்று வாசலுக்குப் போய்ப் பார்த்துவிட்டு வர முடியாதே.

சரிபார்க்க முடிந்ததில் தொடங்க வேண்டும். இந்த வழிகாட்டியின் வரிசை அந்த ஒரு கணக்கில் அமைந்ததுதான்.

படி 1: புத்தகத்தைத் தேடுவதற்கு முன் கேள்வியைத் தேடுங்கள்

"அறிவியல்" என்று பொதுவாகப் போய் நின்றால் கடைக்காரர் எதைக் கொடுப்பார்? உங்கள் தோட்டத்தில், உங்கள் ஊர் சாலையில் ஏற்கெனவே இருக்கும் ஒரு கேள்வியோடு போங்கள்.

ஆனி, ஆடியில் நம் பக்கம் ஏன் இப்படிப் பேய்க்காற்று? வடக்கே நீலகிரி, தெற்கே ஆனைமலை, இரண்டும் 2000 மீட்டருக்கு மேல் போகிற மலைகள். நடுவில் சுமார் 30 கிலோமீட்டர் அகலத்துக்குப் பாலக்காட்டுக் கணவாய் திறந்து கிடக்கிறது. அதன் தரை கடல்மட்டத்தில் இருந்து 150 மீட்டர்கூட இல்லை. அரபிக்கடலில் இருந்து வரும் தென்மேற்குக் காற்றுக்கு மலையில் கிடைத்த பெரிய வாசல் அது ஒன்றுதான். கிணத்துக்கடவு, உடுமலை பக்கம் காற்றாலைகள் நிற்பதற்கும் அதுவே காரணம். இந்தக் கேள்வியோடு போகிறவர் பருவமழையைப் பற்றிய நூலைக் கதைப் புத்தகம் மாதிரி படிப்பார். ஓலையின் அடியில் சுருள் சுருளாக வெள்ளையாய் வரும் ஈ எங்கிருந்து வந்தது என்பது பூச்சி நூலுக்கான கேள்வி. வால்பாறையில் வீட்டுக்கூரை வரைக்கும் சோலைமந்தி ஏன் வருகிறது என்பது காட்டுயிர் நூலுக்கானது.

ஒரு கேள்வி போதும். பட்டியல் போட வேண்டாம்.

படி 2: வாங்கும் முன் ஒரு பத்து நிமிடச் சோதனை

இதில்தான் கொஞ்சம் நேரம் செலவழிக்க வேண்டும். நல்ல அட்டை, பெரிய பெயர், பின்னட்டைப் புகழுரை எல்லாவற்றையும் ஒதுக்கிவிட்டு உங்களுக்கு ஏற்கெனவே நன்றாகத் தெரிந்த ஒரு விஷயத்தைப் பற்றி அந்த நூல் என்ன சொல்கிறது என்று தேடிப் படியுங்கள்.

தென்னை வைத்திருப்பவருக்கு இது சுலபம். பூச்சிகளைப் பற்றிய ஒரு நூல் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். பொருளடைவில் காண்டாமிருக வண்டைப் பாருங்கள். வளர்ந்த வண்டுதான் குருத்தைத் துளைத்துத் தின்னும். அந்தக் குருத்து விரியும்போது ஓலை கத்தரியால் வெட்டியது மாதிரி முக்கோணம் முக்கோணமாக இருக்கும். அதன் புழு மரத்தில் இருக்காது, எருக்குழியில் இருக்கும். சிவப்புக் கூன்வண்டு இதற்கு நேர்மாறு: அதன் புழுதான் தண்டுக்குள் இருந்து குடையும், வெளியே தெரியும்போது மரம் பாதி போயிருக்கும். நூலாசிரியர் இந்த இரண்டையும் பிரித்துச் சொல்லியிருந்தால், உங்களுக்குத் தெரியாத மற்ற பூச்சிகளைப் பற்றி அவர் சொல்வதையும் ஓரளவு நம்பலாம். "தென்னை வண்டின் புழு மரத்தைத் துளைக்கும்" என்று இரண்டையும் கலந்து ஒரே வரியில் முடித்திருந்தால் புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைத்துவிடுங்கள். கோழி வளர்ப்பவர், மீன் பிடிப்பவர், நர்ஸ், லைன்மேன் என்று ஒவ்வொருவருக்கும் இப்படி ஒரு பக்கம் கிடைக்கும். இதற்கு ஈடான மதிப்புரையை எந்தப் பத்திரிகையிலும் நான் படித்ததில்லை.

அப்புறம் முதல் பதிப்பின் ஆண்டைப் பாருங்கள். அந்தச் சுருள் வெள்ளை ஈ இந்தியாவில் முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 2016இல், நம் பொள்ளாச்சிப் பக்கத்தில்தான். அதற்கு முன் வந்த தென்னைப் புத்தகத்தில் அது இல்லை என்றால் அது நூலின் குறை ஆகாது. ஆண்டைப் பார்க்காமல் வாங்கியிருந்தால் வேண்டுமானால் நம் குறை.

மொழிபெயர்ப்பாக இருந்தால் இன்னும் ஒன்று. உயிரினங்களின் அறிவியல் பெயர்களை வைத்திருக்கிறார்களா? தமிழில் ஒரு பெயர், மலையாளத்தில் ஒரு பெயர், ஊருக்கு ஒரு பெயர் என்று இருக்கிற நம் பக்கத்தில் அந்த இருசொல் பெயர்தான் மூன்று மொழிப் புத்தகங்களையும் இணைக்கும். பொருளடைவும் அறிவியல் பெயரும் இல்லாத இயற்கை நூலை ஒரு தடவை படிக்கலாம். திரும்ப எடுத்துப் பார்க்க அது உதவாது.

"ஆய்வுகள் சொல்கின்றன" என்று மட்டும் இருந்து, யார், எங்கே, எப்போது என்று எதுவும் இல்லாத பக்கங்கள் அடிக்கடி வந்தால் எச்சரிக்கையாக இருங்கள்.

படி 3: எங்கே கிடைக்கும்

பொள்ளாச்சியில் இருந்தே இயங்கும் எதிர் வெளியீடு மொழிபெயர்ப்பு அறிவியல், சூழலியல் நூல்களைப் போடுகிறது. நேஷனல் புக் டிரஸ்ட் நூல்கள் விலை குறைவு. எல்லைக்கு அந்தப் பக்கம் வாயனசாலைகளில் கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத்தின் வெளியீடுகளைத் தேடிப் பாருங்கள். 1962இல் தொடங்கிய இந்த இயக்கம் அமைதிப் பள்ளத்தாக்கு அணைக்கு எதிரான போராட்டத்தில் முன்னால் நின்றது. அந்தக் காடு 1984இல் தேசியப் பூங்கா ஆனது. மலையாளம் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தாலே போதும், நாலு பக்கத்துக்குப் பிறகு வேகம் வந்துவிடும்.

இயற்பியலோ உயிரியலோ அடிப்படை மறந்துபோனவர்கள் தமிழ்நாட்டு ஒன்பது, பத்தாம் வகுப்பு அறிவியல் பாடநூலைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள். இணையத்தில் இலவசம். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

படி 4: முதல் அலமாரி

ஐந்தாறு போதும்.

முதலில் ஒரு கையேடு. க்ரியா வெளியிட்ட, ப. ஜெகநாதனும் ஆசையும் எழுதிய 'பறவைகள்: அறிமுகக் கையேடு' தமிழில் தொடங்குகிறவருக்கு மிகச் சரியானது. கையேட்டை அட்டை முதல் அட்டை வரை படிக்கக் கூடாது. பையில் இருக்க வேண்டும், கறை பட வேண்டும். மலையாளம் வாசிப்பவர்கள் இந்துசூடன் எழுதிய 'கேரளத்திலே பக்ஷிகள்' நூலைத் தேடுங்கள். 1958இல் வந்தது. இந்துசூடன் என்பது கே. கே. நீலகண்டனின் புனைபெயர், பாலக்காடு ஜில்லா காவச்சேரிக்காரர், தொழில் ஆங்கிலப் பேராசிரியர். அவர் எழுதியது பக்கத்து வீட்டுப் பறவைகளைப் பற்றி என்பதால் நமக்கு இன்னும் நெருக்கம்.

இரண்டாவது, கட்டுரைகள். மா. கிருஷ்ணன் எழுதிய 'மழைக்காலமும் குயிலோசையும்', சு. தியடோர் பாஸ்கரன் எழுதிய 'இன்னும் பிறக்காத தலைமுறைக்காக'. ஒரு கட்டுரை ஒரு உட்காரலில் முடியும். இவர்களைப் படித்தால் கிடைக்கிற பெரிய லாபம் தகவல் அல்ல, பார்க்கிற பழக்கம். கிருஷ்ணன் 1950 தொடங்கி 1996இல் இறக்கும் வரை ஸ்டேட்ஸ்மன் நாளிதழில் தொடர்ந்து ஒரு இயற்கைப் பத்தி எழுதியவர். அணில், காக்கை, வெள்ளாடு எதையும் சாதாரணம் என்று அவர் ஒதுக்கியதில்லை.

மூன்றாவது, ஒரே உயிரினத்தைப் பற்றிய நூல் ஒன்று. நம் பக்கத்துக்கு யானை. ச. முகமது அலியும் யோகானந்தும் எழுதிய 'யானைகள்: அழியும் பேருயிர்' இருக்கிறது.

நான்காவது, ஒரு வாழ்க்கை வரலாறு. சலீம் அலி 1985இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட தன்வரலாறு என் பரிந்துரை. 1933இல் திருவிதாங்கூர், கொச்சி சமஸ்தானங்களில் பறவைக் கணக்கெடுத்துத் திரிந்தவர் அவர். ஒரு அறிவியலாளர் எதைப் பார்த்தார், எதைத் தவறாக நினைத்தார், எப்படித் திருத்திக்கொண்டார் என்று பின்தொடர்வதற்கு வாழ்க்கை வரலாறுகளை விட நல்ல வழி இல்லை.

சுஜாதாவின் 'ஏன்? எதற்கு? எப்படி?' வீட்டில் இருந்தால் எடுத்துவிடாதீர்கள். எங்கே திறந்தாலும் படிக்கலாம். ஆனால் அதை மட்டும் படித்துவிட்டு நிறுத்தினால் துணுக்கு சேரும், தொடர்ச்சி வராது.

படி 5: படிக்கும் முறை, ஒரு கூட்டை வைத்து

எப்படிப் படிப்பது என்று பொதுவாகச் சொல்வதை விட ஒரு உதாரணத்தோடு போகலாம். தூக்கணாங்குருவி.

சிற்றூர் பக்கத்து வயலோரப் பனைகளில் இதன் கூடு தொங்காத ஊர் குறைவு. குறுந்தொகையின் 374ஆம் பாட்டிலும் இது பனையில்தான் கூடு தொடுக்கிறது. மழை பிடித்து நெல்லும் புல்லும் உயர்ந்த பிறகு கையேட்டில் இந்தப் பக்கத்தைத் திறந்து ஒரு முறை நிறுத்தாமல் படியுங்கள். குறிப்பு எடுக்க வேண்டாம். இரண்டாம் முறை படிக்கும்போது ஒரு நோட்டை எடுத்து, இடப்பக்கத்தில் நூல் சொல்வதைச் சின்னச் சின்ன வரிகளாக எழுதுங்கள். வலப்பக்கம் காலியாக இருக்கட்டும்.

இடப்பக்கத்தில் என்ன வரும்? ஆண்தான் கூடு பின்னும். நெல் இலை, புல், கீற்றில் இருந்து கிழித்த நார் எல்லாம் பயன்படும். பாதிக் கூடு தலைக்கவசம் போல இருக்கும் கட்டத்தில் பெண் வந்து பார்வையிடும். பிடித்தால்தான் ஆண் மீதியை முடித்து நீளமான நுழைவுக் குழாயைக் கட்டும். பெண் முட்டையிட்டு அடைகாக்க ஆரம்பித்ததும் ஆண் அடுத்த கூட்டுக்குப் போய்விடும், அடுத்த துணைக்காக. இந்தக் குடும்பக் கதையை மும்பைக்குத் தெற்கே கிஹிம் கடற்கரையில் உட்கார்ந்து கவனித்து, 1930 வாக்கில் எழுதியவர் சலீம் அலிதான். அப்போது அவருக்கு வேலை இல்லை. வீட்டுக்குப் பக்கத்து மரத்தில் கூடுகள் இருந்தன. உட்கார்ந்து பார்த்தார்.

இப்போது நோட்டோடு பனையடிக்குப் போங்கள். காலையில் போனால் நல்லது. மஞ்சள் தலையும் கரும்பழுப்பு முகமுமாக இருப்பது ஆண். அலகில் ஒரு நார், அதைவிட நீளம், பறக்கும்போது பின்னால் ரிப்பன் மாதிரி ஆடும். கூட்டில் தலைகீழாகத் தொங்கிக்கொண்டு நுனியைக் குத்தி உள்ளே விட்டு, மறுபக்கம் போய் இழுக்கும். தலைக்கவசக் கட்டத்தில் நிற்கும் கூடுகளை எண்ணுங்கள். சிலது அப்படியே விடப்பட்டுக் காய்ந்து பழுப்பாகி இருக்கும். எந்தப் பெண்ணும் ஏற்காத வீடுகள் அவை. வலப்பக்கத்தில் எழுதுங்கள்.

அடுத்தது நம் ஊருக்கென்றே இருக்கும் சோதனை. கூடுகள் பெரும்பாலும் மரத்தின் கிழக்குப் பக்கம் இருக்கும் என்றும், தென்மேற்குக் காற்றில் இருந்து தப்புவதற்காக இருக்கலாம் என்றும் நூல்கள் சொல்லும். காற்று என்றால் என்ன என்று பாலக்காட்டுக் கணவாய்க்காரருக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். போனில் திசைகாட்டி இருக்கிறது. கிழக்கில் எத்தனை, மேற்கில் எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பனையில் பொருந்தினால் நூல் சரி என்று ஆகாது. ஒரு பனையில் பொருந்தாவிட்டால் தப்பு என்றும் ஆகாது. கிணற்றுக்கு மேலே சாய்ந்த மரம், ஒரு பக்கம் கீற்றே இல்லாத மரம் என்று வேறு காரணங்கள் குறுக்கே வரும். பத்துப் பனைகளை எண்ணினால் ஒரு போக்கு தெரியும். ஒரு கூற்றை எப்படிச் சோதிப்பது, மாதிரி எத்தனை வேண்டும், குறுக்கே வரும் காரணங்களை எப்படி விலக்குவது என்று அறிவியல் நூல்கள் அத்தியாயம் அத்தியாயமாக விளக்குவதை இங்கே கழுத்து வலியோடு கற்றுக்கொள்ளலாம்.

கூட்டுக்குள் வெளிச்சத்துக்காக மின்மினியை மண்ணில் ஒட்டி வைக்கும் என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லியிருப்பார்கள். மண் உருண்டைகளை உள்ளே ஒட்டுவது உண்மை. மின்மினிக்கு ஆதாரம் இல்லை. அம்மிச்சியோடு சண்டைக்குப் போக வேண்டாம். இரண்டையும் எழுதி வையுங்கள்.

கூட்டைத் தொடாதீர்கள், கிளையை வளைக்காதீர்கள். போனில் பறவைக் குரலை ஒலிக்கவிட்டு அழைப்பதும் வேண்டாம்.

படி 6: சந்தேகப்படக் கற்றுக்கொள்வது

இரண்டு மூன்று நூல் முடித்த பிறகு வாதம் செய்கிற நூல்களுக்கு வரலாம். ரேச்சல் கார்சனின் 1962ஆம் ஆண்டு நூல், தமிழில் 'மௌன வசந்தம்', இதற்குச் சரியான இடம். டிடிடி போன்ற பூச்சிக்கொல்லிகள் மண்ணிலும் நீரிலும் தங்கி, உணவுச் சங்கிலியில் ஏறி, பறவைகள் வரைக்கும் போவதைச் சொல்லும் நூல். படிக்கும்போது ஒரு தனித்தாளில் "1962க்குப் பிறகு" என்று தலைப்பிட்டுக்கொள்ளுங்கள். டிடிடியால் பறவை முட்டை ஓடு மெலிவதை பிரிட்டனில் டெரெக் ராட்கிளிஃப் 1967இல் காட்டினார். நூலுக்குப் பின்னால் வந்த ஆதாரம் இது. அமெரிக்கா 1972இல் தடை செய்தது. இந்தியாவில் கொசு ஒழிப்புக்கு அதன் பிறகும் தொடர்ந்தது. காசர்கோட்டு முந்திரித் தோட்டங்களில் ஹெலிகாப்டரில் தெளித்த எண்டோசல்பான், அதன் பிறகான துயரம், 2011இல் உச்ச நீதிமன்றத் தடை, எல்லாம் அந்தத் தாளில் வரும். தாள் நிரம்ப நிரம்ப நூல் பழசாகாமல் நீளும்.

சொந்தத் தோப்பையும் அதில் சேருங்கள். வெள்ளை ஈ வந்தபோது மருந்து அடிக்காதீர்கள், என்கார்சியா என்ற சின்னஞ்சிறு குளவி அதைப் பார்த்துக்கொள்ளும் என்று வேளாண் துறையினர் சொன்னார்கள். மருந்து அடித்தால் முதலில் சாவது அந்தக் குளவி. கார்சன் அமெரிக்க வயல்களைக் காட்டிச் சொன்ன வாதமும் இதேதான்.

இன்னொரு வகை நூல்களில் கூடுதல் ஜாக்கிரதை வேண்டும். மரங்கள் வேரடிப் பூஞ்சை வலை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய்மரம் குட்டிமரத்துக்குச் சோறூட்டுகிறது என்று உலகம் முழுக்க விற்கும் நூல்கள் இருக்கின்றன. அடிப்படையில் ஒரு உண்மையான ஆய்வு உண்டு: கனடாவில் சூசன் சிமர்ட் 1997இல் வெளியிட்டது, இரண்டு வகை மரங்களுக்கு இடையே கரிமம் போய் வருவதைக் காட்டியது. ஆனால் அதே துறையில் வேலை செய்யும் மூன்று அறிவியலாளர்கள் 2023இல் எல்லா ஆதாரங்களையும் புரட்டிப் பார்த்து, பரவலாகச் சொல்லப்படுவதற்குக் காட்டில் கிடைத்த சான்று போதாது என்று எழுதினார்கள். ஆக, அந்த நூல்களைப் படிக்கலாம், அழகாகத்தான் எழுதியிருக்கிறார்கள். "பேசுகிறது", "விரும்புகிறது", "தியாகம் செய்கிறது" என்ற வினைச்சொல் வரும் இடமெல்லாம் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். அங்கே அளந்தது என்ன, ஆசிரியர் சேர்த்தது என்ன? அதோடு, குளிர்நாட்டுக் காட்டில் கண்டதை ஆனைமலைச் சோலைக்கு அப்படியே தூக்கி வைக்கவும் முடியாது.

படி 7: இப்போது பெரிய கேள்விகள்

பரிணாமம் என்றால் எல்லா நூலும் டார்வின் போன கலாபகஸ் தீவுக்குக் கப்பல் ஏற்றிவிடும். போய் வாருங்கள், நல்ல கதைதான். ஆனால் நமக்கு வீட்டு வாசலிலேயே ஒரு பாடம் இருக்கிறது. மலை உச்சிச் சோலைகளில் மட்டும் வாழும் சின்னப் பறவைகளுக்குப் பாலக்காட்டுக் கணவாய் கடல் மாதிரி, இறங்கித் தாண்டாது. அதனால் கணவாய்க்கு வடக்கே நீலகிரியில் ஒரு வகைச் சோலைச்சிட்டும் தெற்கே ஆனைமலை, பழனியில் இன்னொரு வகையும் இருக்கின்றன. சிரிப்பான் பறவைகளிலும் அப்படித்தான். இவற்றின் மரபணுவைப் பார்த்த ஆய்வாளர்கள் 2017இல் இவற்றுக்கென்றே புதிய பேரினங்களை வகுத்தார்கள். யானைகளில்கூடக் கணவாயின் இரு பக்கத்துக்கும் மரபணு வேறுபாடு இருப்பதாக 2005இல் ஓர் ஆய்வு காட்டியது. நாம் பஸ்ஸில் ஒரு மணி நேரத்தில் கடக்கிற தூரம்! இதைத் தெரிந்துகொண்டு டார்வினைப் பற்றிய நூலைத் திறந்தால் தனிமைப்படுதல், வேறுபடுதல் எல்லாம் வெறும் சொல்லாக இருக்காது.

இந்தக் கட்டத்தில் ஹாக்கிங்கை எடுங்கள். ஹராரியையும் எடுங்கள், பென்சிலோடு.

படி 8: கூட்டாகப் படிப்பது

தனியாகப் படித்தால் நோட்டு நிறையும், வாதம் நடக்காது. மூன்று பேர் போதும். எல்லாரும் ஒரே நூலை வாங்கத் தேவையில்லை. ஒருவர் ஒரு அத்தியாயம் படித்து வந்து சொல்ல, மற்ற இருவர் கேள்வி கேட்கலாம். சொல்கிறவர் நூலைத் திறக்கக் கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொள்ளுங்கள். புரிந்ததா இல்லையா என்று அங்கே தெரிந்துவிடும்.

கேரளத்தில் ஜூன் 19 வாசிப்பு நாள். நூலக இயக்கத்தை வளர்த்த பி. என். பணிக்கரின் நினைவு நாள். அன்று வாயனசாலையில் எப்படியும் ஒரு கூட்டம் இருக்கும், அங்கேயே ஆரம்பித்துவிடலாம். பிள்ளைகள் இருந்தால் தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் 'துளிர்', பரிஷத்தின் 'யுரேகா' இரண்டுக்கும் சந்தா கட்டுங்கள். பெரியவர்களும் ஒளித்து வைத்துப் படிப்பார்கள்.

வருடத்துக்கு ஒரு முறையாவது படித்த இடத்துக்குப் போவது நல்லது. பரம்பிக்குளம் கேரளத்தில் இருக்கிறது, சாலை மட்டும் நம் சேத்துமடை, டாப்சிலிப் வழியாகத்தான். அங்கே நிற்கும் கன்னிமரா தேக்கை ஒருவர் கட்டிப்பிடிக்க முடியாது, ஏழு மீட்டருக்குப் பக்கத்தில் சுற்றளவு. மரம் வெட்டிக் கீழே உருட்டிய காலத்தில் இருந்து புலிகள் காப்பகம் ஆன காலம் வரைக்கும் உள்ள வரலாற்றைப் படித்துவிட்டுப் போனால் வழியெல்லாம் பார்க்க விஷயம் இருக்கும். வனத்துறை அனுமதி, வண்டி நேரம் எல்லாவற்றையும் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். அனுமதி இல்லாத பாதையில் இறங்க வேண்டாம். யானை நூல் படித்தவருக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை.

பறவைகளை எண்ணும் நாட்களும் இருக்கின்றன. தமிழ்நாட்டில் பொங்கல் விடுமுறையில் ஒன்று, கேரளத்தில் ஓணத்தை ஒட்டி ஒன்று. எல்லையில் இருப்பவர்கள் இரண்டிலும் சேரலாம். அவரவர் ஊரில், அவரவர் தோப்பில் நின்று கால் மணி நேரம் எண்ணி, பட்டியலை ஈபேர்டு தளத்தில் ஏற்றினால் போதும். கையேடும் நோட்டும் கையில் இருக்கட்டும். ஓணத்துச் சமயத்தில் போகிறவர்கள் பனையையும் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, கூடு எத்தனை, எந்தப் பக்கம் என்பதைப் பட்டியலின் அடியில் குறிப்பாகச் சேர்த்துவிடுங்கள்.